கீழே ஓர் அறை

இளம்பிள்ளை வாதத்தில் என் மகளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டுத்தான் நடப்பாள். ஆறாம் வகுப்புக்குத் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்த்தோம். வகுப்பு மாடியில். முதல் வாரமே படியில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள்.

வகுப்பைக் கீழே மாற்றச் சொல்லித் தலைமையாசிரியையிடம் போனேன். அதற்கு முன் வேறொரு பள்ளியில் பூட்ஸைப் பார்த்ததுமே எங்களை வாசலோடு அனுப்பியிருந்தார்கள். அதனால் சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். இவரோ நாற்காலி போடச் சொல்லி, “நாளையிலேருந்து கீழயே உக்காரட்டும்மா” என்றார். அவ்வளவுதான்.

பேகம்பூரில் எங்கள் வீடு வந்து சேரும்வரை எனக்கு நெருடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு சுலபமாகவா?

“நல்லது செஞ்சாலும் சந்தேகமா ஒனக்கு?” என்றார் கணவர்.

யார் யாரைக் கிள்ளினாள், டீச்சர் யாரைத் திட்டினார் என்று ஓயாமல் பேசுகிற பிள்ளை, கீழே உட்காரத் தொடங்கியபின் பள்ளியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“பக்கத்துல யாரு உக்காருறா?”

“ஒரு பிள்ள.”

“பேரென்ன?”

“தெரியலம்மா.”

தினமும் பக்கத்தில் இருப்பவளின் பெயர் தெரியாதா?

மறுநாள் மத்தியானம் சொல்லாமல் போனேன். ஆபீஸை ஒட்டிய சிறிய அறையில், சுருட்டிய மேப்புகளுக்கும் கிழிந்த வளையப்பந்துகளுக்கும் நடுவே, என் மகள் மட்டும் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாடியில் அவள் வகுப்பு வாய்ப்பாடு சொல்வது கேட்டது.

என்னைக் கண்டதும் அழுதாள். “வீட்ல சொன்னா திரும்ப மாடிக்குத்தான்னு சொன்னாங்கம்மா.”

தலைமையாசிரியை பதறவே இல்லை. “நீங்கதானே கீழ உக்கார வைக்கச் சொன்னீங்க?”

“வகுப்பக் கீழ கொண்டாரச் சொன்னேன். எம்புள்ளய மட்டும் தனியாப் போடச் சொல்லல.”

“ஒரு பிள்ளைக்காக ரெண்டு வகுப்ப மாத்த முடியுமா?”

“அப்ப நான் தூக்கிட்டு ஏறுறேன். தெனமும் வாரேன். ஒங்க பள்ளிக்கூடமே பாக்கட்டும்.”

சொன்னபடியே செய்தேன். காலையில் தூக்கிக்கொண்டு ஏறுவேன், சாயங்காலம் இறக்குவேன். மற்ற பிள்ளைகளின் தாய்மார் நின்று பார்த்தார்கள். சிலர் காரணம் கேட்டார்கள், சொன்னேன். அந்த வாரம் முடியுமுன் கீழே இருந்த எட்டாம் வகுப்பு மேலே போனது, ஆறாம் வகுப்பு கீழே வந்தது.

என் மகள் பழையபடி பேசத் தொடங்கினாள். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் வருகிறதென்று மாற்றியிருப்பார்களோ, முடிந்ததும் மறுபடி மேலே ஏற்றிவிடுவார்களோ? ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு ஜன்னலில் எட்டிப்பார்ப்பேன். வாட்ச்மேன் முகம் சுளித்தார். மகளே ஒருநாள், “வராதம்மா, பிள்ளைக சிரிக்கிறாக” என்றாள்.

போவதைக் குறைத்தேன், நிறுத்தவில்லை. ஏழாம் வகுப்பு தொடங்கும்போது தலைமையாசிரியையே ஆள் அனுப்பி, “கீழதான் வகுப்பு, கவலப்படாதீங்க” என்று சொன்னார். நன்றி சொல்லி அனுப்பினேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, கீழே அந்த வகுப்பறையில் எத்தனை பெஞ்சு போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினேன்.