பெனால்டிக்கு முன் ஒரு கேள்வி

மலாயாவின் அவசரகாலத்தில், கோலா கெத்தில் பக்கம் இருந்த ஒரு தோட்டத்துக்கு இயந்திரம் பழுதுபார்க்க ஒரு செக் நாட்டுக்காரர் வந்தார். பானை வயிறு, குச்சிக் கால்கள். சொந்த ஊரில் ஏதோ மூன்றாந்தர லீக்கில் கோல் அடிப்பவராம். தோட்டத்தார் உடனே அவரைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் எதிரணியின் கோல்கீப்பர். பரிசு ஓர் ஆட்டுக்கிடா. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று அரிசியைக்கூட அளந்து கொடுத்த காலம் அது. எல்லார் கண்ணும் கிடாமீதுதான். ஊரடங்கு நெருங்கியது. நாங்கள் ஒரு கோல் முன்னிலை. அப்போது அவர்களுக்குப் பெனால்டி கிடைத்தது.

பந்தை வைத்துவிட்டு அவர் நேரே என்னிடம் வந்தார். பெனால்டி அடிக்குமுன் கீப்பரிடம் பேசுவது அவர் வழக்கமாம்.

“தம்பி, எந்தப் பக்கம் பாயுது?” என்றார், தோட்டத்தில் கற்ற அரைகுறைத் தமிழில்.

வெள்ளைக்காரர் கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது. “முள்வேலிப் பக்கம், துரை.”

சொன்னபடியே பாய்ந்தேன். பந்து என் நெஞ்சில் வந்து விழுந்தது.

“அதான் சொன்னேன்லா, துரை!” என்று கத்தினேன்.

“எங்க ஊர் கீப்பர் எல்லாம் பொய் பேசும், தம்பி,” என்றார் பரிதாபமாக. “நீ ஏன் இப்படி?”

கிடாக்கறி தின்னும்போதும் யோசித்தேன். அவர் என்னைப் பாராட்டினாரா, திட்டினாரா என்று இன்றுவரை விளங்கவில்லை.