பொட்டு வைத்த பேட்ஸ்மேன்கள்

எண்பதுகளின் கடைசியில் பபிள்கம் வாங்கினால் கிரிக்கெட் வீரர் படம் போட்ட அட்டை ஒன்று கிடைக்கும். நாமக்கல்லில் சொந்த லாரி ஓட்டிக்கொண்டிருந்த நான், தாடை வலிக்க மென்று அவற்றைச் சேர்த்தேன். மகள் கல்யாணத்துக்கு இவற்றை விற்றாலே போதும் என்று நம்பினேன்.

"இது நம்ம சொத்து. அழுக்குப் பட்டா வெல கொறஞ்சு போயிரும்" என்று மனைவியிடம் அடிக்கடி சொல்வேன். அவள் காதில் வாங்கியதாகவே தெரியாது.

ஆயுத பூஜையன்று லாரியைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். ஸ்பேனர், ஜாக்கியோடு என் அட்டைகளும் சாமி முன்னால் வரிசையாக இருந்தன. எல்லா வீரர்களின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். வெள்ளைக்காரர்கள்கூடத் தப்பவில்லை.

"ஐயோ, என்ன புள்ள பண்ணி வெச்சிருக்கற?"

"நீங்கதானுங்க சொத்துன்னீங்க? லாரிக்குப் பொட்டு வெச்சுட்டு இதுக்கு வெக்காம உட முடியுங்களா?"

பதறிப் பார்த்ததில் ஒரே ஒரு அட்டை மட்டும் பளிச்சென்று இருந்தது.

"இவனுக்கு மட்டும் ஏன் வெக்கல?"

"ரன்னே அடிக்காம அவுட்டாயிட்டான், இவன ஊட்டுக்குள்ளயே சேக்கக் கூடாதுன்னு ரேடியோ முன்னால கத்துனீங்களே!"

இத்தனை நாளும் அடுப்படியிலிருந்து என் கத்தல் ஒன்றுவிடாமல் அவள் கேட்டிருக்கிறாள். திட்ட வாயெடுத்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுக்குப்படாமல் மிஞ்சிய அந்த ஒரே சொத்தையும் எடுத்து, சந்தனம் தொட்டு, நானே பொட்டு வைத்தேன்.