ஆற்றை இழந்த பாலம்

பலெர்மோவின் பழைய கல்பாலத்தில் நிற்கிறேன். ஆற்றை எப்போதோ வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். வளைவுகளுக்கு அடியில் வெறும் புல். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று கைபேசியில் மனைவியிடம் புலம்புகிறேன். தமிழைக் கேட்டு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வருகிறாள்.

"அண்ணை, ஒரு வயசுபோன சிஞ்ஞோராவைக் கண்டனீங்களோ? நான் வேலைக்கு நிண்டு பாக்கிற மனுசி. ஆத்துக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டிட்டா. அங்கை கரை முழுக்கத் தேடிட்டன்."

கடைசி வளைவைக் காட்டுகிறேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புல்லைக் கால்களால் அளைந்தபடி உட்கார்ந்திருக்கிறாள் மூதாட்டி.

அந்தப் பெண் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்கிறாள். "நல்லகாலம், ஆத்தைத் திருப்பிவிட்டிட்டாங்கள்."

மூதாட்டி என்னைப் பார்த்து இத்தாலிய மொழியில் ஏதோ சொல்கிறாள்.

"தண்ணி நல்ல குளிராம். உங்களையும் கால் வைக்கச் சொல்லுறா, அண்ணை."

சப்பாத்தைக் கழற்றுகிறேன்.