பால்கோவா அடுப்படியில் ஏழு மாதக் கர்ப்பிணி

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில், அக்னி நட்சத்திர மதியம் ஒன்றில் போன் வந்தது.

"நர்ஸம்மா, செல்வி மயங்கி விழுந்துட்டா. வெரசா வாங்க."

செல்வி ஏழு மாதக் கர்ப்பிணி. என்னிடம்தான் செக்கப்புக்கு வருவாள். பால்கோவா கிண்டும் இடத்தில் வேலை. ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தேன். தகரக் கூரை, வரிசையாக விறகடுப்பு, கண்ணைக் கரிக்கும் புகை. நின்ற சிறிது நேரத்தில் எனக்கே தலை சுற்றியது.

அவளை வெளியே வேப்பமர நிழலுக்குத் தூக்கி வரச் சொன்னேன். இடப்பக்கமாகப் படுக்க வைத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறினோம். கண் விழித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"வயிறு கல்லு கணக்கா இறுகுது நர்ஸம்மா."

இதயத் துடிப்பைக் கேட்கும் டாப்ளரை வயிற்றில் வைத்தேன். குழந்தையின் துடிப்பு வேகமாக ஓடியது. 108-ஐக் கூப்பிட்டு, நானும் கூடவே ஏறினேன்.

"உடம்புல தண்ணிச்சத்தே இல்ல. வலி ஆரம்பிச்சிருக்கு. நிறுத்தப் பாப்போம்" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். டிரிப் ஏற்றினார்கள். ஒருவேளை பிறந்துவிட்டால் குழந்தைக்கு நுரையீரல் தாங்க வேண்டுமே என்று அதற்கும் ஊசி போட்டார்கள். சாயங்காலம் வலி அடங்கியது. அடங்கியதும் செல்வி கேட்டது இதைத்தான்:

"எப்ப வேலைக்குப் போகலாம்? போகலைன்னா வேற ஆளப் போட்டுருவாக."

மறுநாள் முதலாளியைப் பார்க்கப் போனேன்.

"நான் யாரையும் கட்டாயப்படுத்தல சிஸ்டர். எங்கம்மா நெறமாசத்துலயும் கிண்டுனவிய."

"அப்ப இம்புட்டு வெயிலு இல்ல அண்ணாச்சி. வெளிய வெயிலு, உள்ள அனலு, போதாததுக்குப் புகை. புள்ள குறைமாசத்துல பொறக்கும், இல்ல எடை இல்லாமப் பொறக்கும். அவள நிறுத்தச் சொல்லல. பேக்கிங்ல உக்கார வைங்க."

"பேக்கிங்குக்கு ஆள் இருக்கே."

கல்லாவில் இருந்த அவர் மனைவி எழுந்து வந்தார். கல்யாணமான புதிதில் அவரும் அதே அடுப்பில் நின்றவர்.

"எனக்கு எட்டாம் மாசம் ஒண்ணு போச்சே சிஸ்டர். அதுவும் இதுனாலதானா?"

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

"அத என்னால சொல்ல முடியாது மதினி. ஆனா இவ புள்ளையக் காப்பாத்த இன்னும் நேரம் இருக்கு."

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார். "செல்வி பேக்கிங்குக்கு வரட்டும். அங்க இருக்கிற ஆம்பளைய அடுப்புக்கு மாத்துங்க. புகைபோக்கிய ஒசத்தச் சொல்லி எம்புட்டு நாளாச்சு? கொத்தனாரக் கூப்பிடுங்க."

முதலாளி தலையாட்டினார். திரும்பி வந்த செல்வி பேக்கிங்கில் உட்கார்ந்தாள். ஆனாலும் கொத்தனார் உடனே வந்துவிடவில்லை. வாரா வாரம் போய் நின்றேன். என்னைக் கண்டாலே முதலாளி, "இந்தா, ஆள் சொல்லியாச்சு சிஸ்டர்" என்பார். ஒருவழியாகப் புகைபோக்கி உயர்ந்தது.

செல்விக்கு மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவுதான். ஆனால் அழுகை வராந்தா வரை கேட்டது. பார்க்க வந்த முதலாளியின் மனைவி, குழந்தையை வாங்கியவர் வெகுநேரம் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இப்போது வேலைக்கு வரும் செவிலியர்களுக்கு ஒன்று சொல்வேன். கர்ப்பிணிக்குப் பிரஷர் பார்ப்பதோடு நம் வேலை முடிவதில்லை. பகலெல்லாம் அவள் எங்கே நிற்கிறாள் என்று கேளுங்கள். அங்கே போய் நீங்களும் செத்த நேரம் நின்று பாருங்கள். மாற்ற வேண்டியதை உரியவரிடம் சொல்லுங்கள். நடக்கவில்லையா, மறுபடியும் போங்கள்.