ஓமோ? ஓம்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் வலது முழங்கால் மடிய மறுக்கிறது. திங்கள் காலை, நான் வேலை செய்யும் இத்தாலிய அம்மா, சிஞ்ஞோரா வீட்டில் தரை துடைக்கக் குனிந்தவன், அலுமாரியைப் பிடித்துத்தான் நிமிர்ந்தேன். என்ன நடந்தது என்று சிஞ்ஞோரா கேட்டார். உதைபந்தாட்டம் விளையாடினேன் என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... சர்க்கஸில் சிங்கம் அடக்கினேன் என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார்.

ஏன் சிரிப்பு? இத்தாலியின் இந்தப் பலெர்மோவில் தமிழன் என்றால் தரை துடைப்பான், சட்டையை இஸ்திரி போட்டு மினுக்குவான், கிழவர்களைக் கைபிடித்து உலாத்தக் கூட்டிப்போவான். பந்தடிப்பானா? இந்த ஊர் அதை யோசித்தே பார்த்ததில்லை.

யோசிக்க வைத்தவர் சிவநேசன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு முன்வரிசையில் விளையாடியவர். இங்கே போர்கோ வெக்கியோ வட்டாரத்தில், தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் மட்ச் நடந்தால் கம்பிவலைக்கு வெளியே நிற்பார். பந்து வெளியே வந்தால் எடுத்துக் கொடுப்பார். கையால் அல்ல — காலால். எவன் கேட்கிறானோ அவன் காலடியிலேயே போய் விழும். 'பிராவோ' என்பார்கள். உள்ளே வா என்று ஒருவரும் சொன்னதில்லை.

அந்த வட்டாரப் போட்டியை நடத்துபவர் காப்பிக்கடை சிஞ்ஞோர் பிப்போ. மட்ச் நடக்கும்போது விசிலும் அவர் வாயில்தான் இருக்கும். அவரிடம் போய் சிவநேசன், எங்கள் ஆட்களுக்கும் ஓர் இடம் தாருங்கள் என்று கேட்டார். பிப்போ அன்பாகத் தோளில் கை போட்டாராம். நீங்கள் நல்ல ஆட்கள், அமைதியான ஆட்கள்... எங்கள் பையன்களோ முரடர்கள், உங்களுக்கு ஏதும் அடிபட்டால் என் மனம் தாங்காது, பேசாமல் கிரிக்கெட் விளையாடுங்களேன் என்றாராம்.

கெட்டவன் என்று ஒதுக்கினால் சண்டை பிடிக்கலாம். நல்லவன் என்று ஒதுக்கினால் என்ன செய்வது? நன்றி சொல்லிவிட்டு, குடித்த காப்பிக் கோப்பையைத் திருப்பி வைத்துவிட்டு வரவேண்டியதுதான். நானாக இருந்தால் அப்படித்தான் வந்திருப்பேன்.

சிவநேசன் அப்படி வரவில்லை. போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனார். கடைசியில் பிப்போவுக்கே அலுத்துவிட்டது. சரி, போர்கோ அணியோடு ஒரு மட்ச் விளையாடுங்கள், தோற்காவிட்டால் இடம் தருகிறேன், தோற்றால் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்றார்.

அணி சேர்ந்தது. என்னைச் சேர்த்தது ஆட்டத்துக்காக அல்ல, ஆள் கணக்குக்காக. கோலுக்குள் மொரீஷியஸ்காரர் வீராசாமி. பெயரைப் பார்த்தால் எங்கள் எல்லாரையும்விடத் தமிழர். வாயைத் திறந்தால் கிரியோல் மொழி. தமிழனும் தமிழனும் இத்தாலியனில் கதைத்துக்கொள்கிற விந்தையைப் பலெர்மோவில்தான் பார்க்கலாம். அப்படியும் ஓர் ஆள் குறைந்தது — ஒருவரின் சிஞ்ஞோரா வீட்டில் திடீர் விருந்தாளிகள். பிப்போ இரக்கப்பட்டு இறைச்சிக்கடை சால்வோவை எங்கள் பக்கம் இரவல் தந்தார்.

வினையே சால்வோவிடமிருந்துதான் வந்தது.

சிவநேசன் பந்தோடு போகிறார். அழகாகத்தான் போகிறார். பின்னால் இருந்து ஒரு குரல்: "ஓமோ?"

யாழ்ப்பாணத்தான் காதில் 'ஓமோ?' என்று விழுந்தால் என்ன செய்வான்? ஆமாவா என்று ஏதோ சந்தேகம் கேட்கிறார்கள், தீர்த்துவைக்கவேண்டும் என்று நின்றுவிடுவான். சிவநேசனும் நின்றார். "ஓம், ஓம்" என்று திரும்பிப் பார்த்தார். அதற்குள் போர்கோக்காரன் ஒருவன் பந்தைக் கொண்டு போய்விட்டான்.

மறுபடியும் பந்து. மறுபடியும் "ஓமோ?" மறுபடியும் "ஓம்." இந்தத் தடவை போன பந்து நேரே எங்கள் கோலுக்குள் போய் விழுந்தது.

சிவநேசன் என்மேல் பாய்ந்தார். "அண்ணை, விளையாட்டுக்கு நடுவில ஏன் சும்மா ஓமோ ஓமோ எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறியள்?"

"நான் மூச்சு விடவே வழியில்லாமல் நிக்கிறன். இதுக்குள்ள கேள்வி வேறை கேப்பனோ?" என்றேன்.

இடைவேளையில்தான் வெளித்தது. கேட்டவன் சால்வோ. அவன் சொன்னது 'உவோமோ'. மனிதன், ஆள் என்று அர்த்தம். உனக்குப் பின்னால் ஆள் வருகிறான், கவனம் என்று எச்சரிக்க இந்த ஊரில் அப்படித்தான் கத்துவார்களாம். ஓடுகிற ஓட்டத்தில் முன்பாதி தேய்ந்து 'ஓமோ' ஆகிவிடுகிறது. பாவம், சால்வோ தொண்டை கிழிய எங்களைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறான்.

இனி ஒருவரும் பதில் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டு இறங்கினோம்.

ஆட்டம் முடியப்போகிறது. இன்னமும் ஒரு கோல் பின்தங்கித்தான் நிற்கிறோம். போர்கோவின் பின்வரிசைக்காரன் தன் கோலடியில் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் சிவநேசன். எனக்கோ நின்ற இடத்திலேயே நின்று அலுத்துப்போயிற்று. "நான் முன்னுக்கு வரட்டோ?" என்று கத்தினேன்.

"ஓம், ஓம்" என்றார் சிவநேசன்.

அந்தப் பையனுக்கு அது 'உவோமோ, உவோமோ' என்று விழுந்திருக்கிறது. தன் ஆள்தான் எச்சரிக்கிறான் என்று பதறி, பாராமலே பந்தைத் தட்டினான். அது நேரே சிவநேசனின் காலுக்கு வந்தது. கோல். ஓடிய ஓட்டத்தில் நான் கோல் கம்பத்தில் முழங்காலை மோதியதும் அப்போதுதான்.

போர்கோ அணி கொதித்தெழுந்தது. இவர்கள் எங்கள் மொழியில் பொய்யாகக் கத்தி ஏமாற்றினார்கள், கோல் செல்லாது என்று நின்றார்கள். நாங்கள் கத்தியது எங்கள் சொல், 'ஓம்' என்றோம். பிப்போ ஆட்டத்தை நிறுத்தி, எங்களுக்குள் இத்தாலியன் திறமாகக் கதைக்கக்கூடியவர் என்று வீராசாமியைக் கூப்பிட்டார். 'ஓம்' என்றால் உங்கள் மொழியில் என்ன?

வீராசாமிக்குத் தெரிந்த ஓம் ஒன்றே ஒன்றுதான். கோயிலில் கும்பிடும்போது சொல்வது என்றார்.

பிப்போவின் முகம் உருகிவிட்டது. பக்திமான் அவர். கோலுக்கு முன்னால் எங்கள் பையன்களும் சிலுவை போடுகிறார்கள்தானே, செபம் குற்றமாகாது, கோல் செல்லும் என்று விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். எனக்கு வாயெல்லாம் பல். போட்டியில் இடம் கிடைத்த மாதிரித்தான்.

சிவநேசன் பிப்போவின் கையைப் பிடித்தார். செபம் இல்லை சிஞ்ஞோர் பிப்போ, என்றார். ஓம் என்றால் ஆமாம். கூட்டாளி வரட்டோ என்று கேட்டான், ஆமாம் என்றேன். அவ்வளவுதான்.

நான் அவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "உமக்கென்ன விசரோ? இடம் கையைவிட்டுப் போகப்போகுது."

"போனாப் போகட்டும் அண்ணை. சாமி கும்பிடுற நல்ல பிள்ளையள் எண்டு இரங்கித் தாற இடம் எனக்கு வேண்டாம். நான் அடிச்சது கோல்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. பெருமையெல்லாம் வீட்டுக்குப் போய் முழங்காலுக்கு எண்ணெய் பூசும்போதுதான் வந்தது.

பிப்போ விசிலைக் கீழே இறக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: அப்படியென்றால் முதல் பாதி முழுக்க சால்வோ 'உவோமோ' என்று கத்த, நீ நின்று ஆமாம் ஆமாம் என்று பதில் சொன்னாயா?

"ஓம்" என்றார் சிவநேசன்.

பிப்போ சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சால்வோ சிரித்தான். கொதித்துக்கொண்டிருந்த போர்கோ அணியும் ஒவ்வொருவராகச் சிரித்தது. ஒருவன் தன் மொழியில் ஆமாம் என்று சொன்னதற்கெல்லாம் என்னால் விசில் ஊதமுடியாது என்று தீர்ப்புச் சொல்லி, கோலை ஏற்றார் பிப்போ. ஆட்டம் சமன். வருகிற ஞாயிறு முதல் போட்டியில் நாங்களும் இருக்கிறோம். சிஞ்ஞோராவிடம் அதையும் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. எத்தனை மணிக்கு மட்ச் என்று கேட்டார்.

இப்போது தரை துடைக்கும்போதெல்லாம் ஒன்று நினைவுக்கு வந்து தனியே சிரிக்கிறேன். அன்றைக்குச் சால்வோ பின்னால் நின்று எங்கள் ஆளைப் பார்த்து, மனிதனோ மனிதனோ என்று திரும்பத் திரும்பக் கேட்டமாதிரித்தானே ஆயிற்று?

பந்து போனால் போகட்டும் — சிவநேசன் சொன்ன பதில் சரி.