பூட்டிய கதவைத் தட்டியவர்

இரண்டாம் ஆண்டில் பசுமலையில் ஒரு கல்லூரிக்கு மாறினேன். விடுதியில் அறை காட்ட வாட்ச்மேன் அக்கா கூட வந்தார். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் சாவிக்கொத்து. எனக்கு யாரோடும் பேசப் பிடிக்காத காலம் அது. தனி அறை கேட்டேன்.

கடைசி அறையில் பூட்டுத் தொங்கியது. அப்படியும் கதவைத் தட்டி, சற்று நின்று, பிறகுதான் திறந்தார்.

"பூட்டித்தானக்கா இருக்கு, எதுக்குத் தட்டுறீங்க?"

"ஒரு நா, தூங்குற பிள்ளைய எழுப்புவானேன்னு தட்டாமப் போயிட்டேன் பாப்பா. அது பெறகு எந்திரிக்கவே இல்ல." சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "நாலு பேர் ரூமும் இருக்கு" என்றார்.

நான் தனி அறையையே எடுத்துக்கொண்டேன். படிப்பு முடியும்வரை தினமும் காலையில் வந்து தட்டினார். "இருக்கேன்க்கா" என்பேன். அடுத்த கதவுக்குப் போய்விடுவார்.

இப்போதும் யார் கதவைத் தட்டினாலும், "இருக்கேன்" என்றுதான் எனக்கு வாயில் வருகிறது.