தகடு ஏன் இவ்வளவு தடிமன்?

“விடை சரியா இருந்தா, வழியை ஏன் சார் கேக்கறீங்க?” என்று முன்பு கணக்கு வகுப்பில் என்னைக் கேட்டவள் கயல். இன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கார் சீட்டைத் தாங்கும் தகட்டை வடிவமைக்கிறாள். அந்த வேலை முறையாக நடந்ததா என்று மதிப்பிட வந்தவர், “தகடு ஏன் இவ்வளவு தடிமன்?” என்று கேட்டாராம்.

“டீக்கடையில பேசி முடிவு பண்ணோம் சார். சோதனையில தகடு உடையவே இல்ல. ஆனா காரணத்தை யாரும் எழுதி வைக்கல. இப்ப எழுதிப் பழைய தேதி போட்டா அது பொய். நாளைக்குப் பதில் இல்லேன்னா ஆர்டர் கைவிட்டுப் போயிடும்.”

“டீக்கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா?”

“அவருக்கு யாருக்குச் சக்கரை கம்மிங்கறதுதான் ஞாபகம் இருக்கும் சார்.”

சத்திரம் பேருந்து நிலையம் வந்துவிட்டது. இருவரும் இறங்கினோம்.

இன்று உங்கள் வீட்டு ரசத்தில் ஏன் அவ்வளவு புளி என்று, காரணத்தோடு கீழே எழுதிப் பாருங்கள்.